ஏழாம் எண் படத்தின் புள்ளி

எனக்குக் காலையில் சீக்கிரம் எழுந்து பழக்கம். ஆகவே எட்டு மணிக்கே வரச்சொன்னதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. பேருந்தில் ஜன்னலோர இடமும் கிடைத்தது. இந்த அறை கொஞ்சம் குளிர்கிறது, அதுவும் எனக்குப் பழக்கம்தான். எங்கள் ஸ்கேன் இயந்திரங்களுக்கு வெக்கை ஆகாது. அவற்றின் சுகத்துக்காக நான் இருபது வருடமாக ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறேன்.

உங்கள் விசாரணைக் குழுவின் கடிதத்தில் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டிருக்கிறீர்கள். நானோ துகள் பரிசோதனையில் ஏழாம் எண் படத்தை நான் படித்தபோது என்ன நடந்தது என்று. அந்தப் படத்தில் இருந்தது என் தம்பி மனைவியின் வயிறு. அவள் போய் ஏழு வாரம் ஆகிறது. கணையத்தில் புற்றுநோய். வக்கீலை அழைத்து வரலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். நடந்ததைச் சொல்ல வக்கீல் எதற்கு? தட்டச்சு செய்கிறவர் தயார் என்றால் ஆரம்பித்துவிடலாம்.

அவருக்கும் புரிகிற மாதிரியே சொல்கிறேன். இரும்புத் துரு தெரியும் அல்லவா, அதைக் கண்ணுக்கு எட்டாத அளவுக்குப் பொடியாக்கி, ஒவ்வொரு பொடியின் மேலும் மெல்லிய சர்க்கரைப் பூச்சு பூசி, அந்தப் பூச்சின் மேல் கொக்கிகளை மாட்டினால் அதுதான் எங்கள் துகள். கொக்கி என்று நாங்கள் சொல்வது ஆன்டிபாடியை. அது கணையத்தில் இருக்கும் புற்றுச் செல்லை மட்டும் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். இன்று ஊசி போட்டு நாளை ஸ்கேன் எடுத்தால், பிடித்த இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். கொக்கி மாட்டாத வெறும் துகளும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எங்களிடம் உண்டு. ஆய்வகத்தில் அதற்கு மொட்டை என்று பெயர். மொட்டை எதையும் பிடிக்காது. கல்லீரலில் போய்ச் சேர்ந்து, அதைக் கரி பூசினதுபோல் ஆக்கிவிட்டுச் சும்மா கிடக்கும்.

இந்தத் துகளைச் செய்தவள் என் தம்பி மனைவி. அது காட்டுகிற படத்தைப் படித்துச் சொல்ல வேண்டியவள் நான். நான் கதிரியக்க மருத்துவர். என் வேலையைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகல்ல, ஆனால் இங்கே அடக்கம் காட்டினால் உங்களுக்கு விஷயம் விளங்காது. மற்றவர்கள் மூன்று முறை பார்த்தும் காணாததை நான் ஒரு முறை பார்த்துச் சொல்லியிருக்கிறேன். ஸ்கேன் எடுக்கிற பையன்கள் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலிதான், ஆனால் அதில் ஒரு பயம் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அவளை இந்த மருத்துவமனைக்குக் கொண்டு வந்ததே நான்தான். வேதியியல் ஆய்வாளர் பதவிக்கு மூன்று பேர் நேர்காணலுக்கு வந்தார்கள். தேர்வுக் குழுவில் நான் இருந்தேன். மற்ற இருவரும் தெரிந்ததைச் சொன்னார்கள். இவள் தெரியாததைத் தெரியாது என்றாள். எனக்குப் பிடித்துப்போய், வேலைக்குச் சேர்ந்த வாரமே மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிப் போனேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிற என் தம்பிக்கு அன்றைக்கு விடுமுறை. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எட்டு மாதத்தில் அவள் எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடி வந்துவிட்டாள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. பல வருடங்களாக அந்த முழங்காலுக்குத் தினமும் தைலம் தேய்த்தவள் நான். இவள் வந்த இரண்டாம் மாதம், ஒரே ஒரு நாள் தேய்த்துவிட்டாள். மறுநாள் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், "என் மருமக கை பட்டா போதும்மா, வலி இருந்த இடம் தெரியாம போயிடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அப்போது கையில் தைலப் புட்டியோடு அறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், பேச்சை நிறுத்தவில்லை.

ஆய்வகத்திலும் அதே கதை. அவள் கலக்கினால் கரைசல் தெளிகிறது, அவள் மாட்டினால் கொக்கி நிற்கிறது. எல்லோருமாக அவளைக் கைராசி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் ராத்திரி பகலாகப் படித்துக் கற்றதற்குப் பூதக்கண்ணாடி. அவளுக்கு மட்டும் ராசி. பொறாமை இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் எந்த வீட்டில் இல்லை? ஒரே குடும்பம், ஒரே வேலை இடம், சாயங்காலம் ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்யும். எரிந்துவிட்டு அணைந்துவிடும்.

ஒரு நாள் மட்டும் அணையவில்லை. எலிகளில் துகள் வேலை செய்துவிட்டது, இனி மனிதர்களுக்குப் போடலாம் என்று அனுமதி வந்த அன்று துறைத் தலைவர் எல்லோரையும் கூட்டினார். பெரிய திரையில் ஒரு எலியின் வயிறு. நடுவில் மை கொட்டினதுபோல் ஒரு கறுப்புப் புள்ளி. தலைவர் என் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே, "இதைக் கண்டுபிடிக்க என் பேரனே போதும்ங்க. இனிமே நம்ம பூதக்கண்ணாடிக்கு ஓய்வு குடுத்துடலாம்" என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க சார், படிக்க ஆள் இல்லன்னா என் துகள் வெறும் துருதான்" என்றாள். எல்லோரும் அதற்குக் கை தட்டினார்கள். என்னைக் காப்பாற்றியதற்கும் கைத்தட்டல் அவளுக்குத்தான் போயிற்று.

இப்போது படத்துக்கு வருகிறேன். முதல் கட்டத்தில் நோயில்லாத பத்துப் பேருக்குத் துகளைச் செலுத்திப் பார்ப்பது வழக்கம். எங்கள் துறையில் அதற்கு வெளியாட்களைத் தேட மாட்டார்கள், வேலை செய்கிறவர்களே படுத்துக்கொள்வார்கள். நான் செய்ததை என் உடம்பில் போட நான் பயப்பட்டால் மற்றவர்களிடம் எப்படிக் கேட்பது என்று அவள்தான் முதலில் பெயர் கொடுத்தாள். யார் எந்த எண் என்பது உறையில் ஒட்டித் தலைவரின் அலமாரியில் இருக்கும். படிக்கிறவருக்கு எண் மட்டும்தான் தெரியும். படத்தைப் பார்த்துவிட்டு மூன்று கட்டங்களில் ஒன்றில் குறியிட வேண்டும். பிணைப்பு, திரட்சி, இல்லை. பிணைப்பு என்றால் கொக்கி எதையோ பிடித்திருக்கிறது. உடனே உறையைப் பிரித்து அந்த ஆளை அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். திரட்சி என்றால் துகள்கள் சரியாக வடிகட்டப்படாமல் ஒன்றோடொன்று ஒட்டி, மாவில் கட்டி விழுவதுபோல் எங்கோ தங்கியிருக்கின்றன. அது நோய் இல்லை, தயாரித்தவரின் குறை. அதற்கு உறையைப் பிரிக்க வேண்டாம்.

ஏழாம் எண் படத்தை நான் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு திறந்தேன். கணையத்தின் தலைப் பகுதியில் ஒரு புள்ளி. நாலு மில்லிமீட்டர். தலைவரின் பேரன் சத்தியமாகப் பார்த்திருக்க மாட்டான். பக்கத்தில் ஒரு ரத்தக் குழாய் வளைந்து போகிறது, அதன் நிழல் என்று எவரும் தாண்டிப் போயிருப்பார்கள். எனக்கு வந்த முதல் உணர்ச்சி சந்தோஷம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். விளிம்பைப் பார்த்தேன். திரட்சிக்கு விளிம்பு பிசிறாக இருக்கும். இது திசுவின் போக்கிலேயே படர்ந்திருந்தது. பிணைப்புதான். ஒரு சந்தேகமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் மற்ற உறுப்புகளைப் பார்த்தேன். இடது சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இடுப்பு எலும்புக்குப் பக்கத்தில் இறங்கிக் கிடந்தது. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி. கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு முறை வயிற்று வலி வந்தபோது நான்தான் ஸ்கேன் பார்த்துச் சொன்னேன். "உன் கிட்னிக்கு மேல் மாடி வாடகை கட்டுப்படியாகலை போல, கீழ் வீட்டுக்கு மாறிடுச்சு" என்று நான் கேலி செய்ததில் அவள் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். எண்ணாவது உறையாவது, எனக்கு அவள் முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

நான் அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று கணினியே பதிவு செய்திருக்கும். பதினெட்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடத்தில் என்ன நினைத்தேன் என்பதைக் கணினி பதிவு செய்யாது, அதை நான் சொல்கிறேன். பிணைப்பு என்று குறியிட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள். நாலு மில்லிமீட்டரில் அகப்பட்ட கணையப் புற்றை வெட்டி எடுத்துவிடலாம். அதோடு, உலகத்தில் எவருக்கும் கிடைக்காத ஒரு கதையும் அவளுக்குக் கிடைத்துவிடும். தன் துகளைத் தன் உடம்பிலேயே ஏற்றி, தன் நோயைத் தானே கண்டுபிடித்தவள். தலைவர் மேடைக்கு மேடை சொல்வார். தம்பி அழுவான். அம்மா பக்கத்து வீட்டைத் தாண்டி ஊர் முழுக்கச் சொல்வாள். நோய் வருவதில்கூட அவளுக்கு ராசி. படத்தைப் படித்தது யார் என்று யாராவது கேட்பார்களா? துகள் காட்டியது, யாரோ பார்த்தார்கள். வயிறு எரிந்தது. வேறு நாகரிகமான சொல் ஏதாவது இருந்தால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

திரட்சி என்ற கட்டத்தில் குறியிட்டேன். பிறகு கை கழுவிவிட்டு எட்டாம் படத்தைத் திறந்தேன்.

அன்றைக்கு அதை நான் ஒரு தள்ளிப்போடலாகத்தான் நினைத்தேன். இரண்டு வாரம் அவள் தலை குனிந்து நடக்கட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று. குறியைத் திருத்துவதற்கு ஒரு படிவம் இருக்கிறது. இப்போதும் என் இழுப்பறையில் இருக்கும்.

அவள் சாயங்காலமே ஓடி வந்தாள். "அக்கா, ஏழாம் நம்பர்ல திரட்சின்னு போட்டிருக்கீங்களே, நிஜமாவா?"

"கறுப்பா ஒரு புள்ளி. ரத்தக் குழாய் பக்கத்துல."

"மூணு தடவை வடிகட்டினேனேக்கா."

"நாலாவது தடவை வடிகட்டிப் பாரு" என்றேன்.

அவள் அதை அப்படியே செய்தாள். அதுதான் அவள் குணம். வேறு யாராக இருந்தாலும் படித்தவர்மேல் பழி போட்டிருப்பார்கள். இவள் தன் கரைசலைச் சந்தேகித்தாள். மூன்று மாதம், நம்புங்கள், மூன்று மாதம் அவள் கரைசலில் இல்லாத ஒரு திரட்சியைத் தேடி அதை வடிகட்டிக்கொண்டிருந்தாள். வடிகட்டியை மாற்றினாள், பூச்சை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள். துகளில் எந்தக் குறையும் இல்லை என்று இந்த உலகத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆய்வகத்தில் கைராசி என்று கூப்பிடுவது மெல்ல மெல்ல நின்றது. அவள் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். எனக்கு அந்த நாட்களில் நல்ல தூக்கம் வந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் வடிகட்டியைப் பற்றியே பேச்சு. தட்டில் போட்டதைப் பாதிகூடச் சாப்பிட மாட்டாள். தம்பி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ இளைச்சுக்கிட்டே போறாக்கா. வேலையை நெனச்சே உருகுறா. நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன். நீ சொன்னா கேப்பா" என்றான். சொல்கிறேன் என்றேன். அவள் இளைப்பதற்கு வேலை மட்டும் காரணம் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே அவள் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினேன். அந்த மூன்று மாதமும் அவளிடம் நான் எவ்வளவு அன்பாக இருந்தேன் என்று தம்பியைக் கேளுங்கள், அவன் சொல்வான்.

மூன்று மாதம் கழித்து உறைகளைப் பிரித்தார்கள். ஏழாம் எண் தான்தான் என்று தெரிந்ததும் அவள் சிரித்தாள். "பாத்தீங்களாக்கா, என் துகளுக்கு எவ்வளவு கொழுப்பு. திரள்றதுக்கு என் வயித்தைத்தான் பார்த்து வெச்சிருக்கு."

அவளுக்குச் சந்தேகமே வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. அன்றைக்குப் பேருந்தில் வரும்போது, வெளியே பார்த்துக்கொண்டே, "அக்கா, ஒருவேளை அங்க நிஜமாவே ஏதாவது இருக்குமோ?" என்று கேட்டாள்.

"நான்தான பார்த்தேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. என் கண்ணின்மேல் என்னைவிட அவளுக்கு நம்பிக்கை அதிகம்.

ஆனால் ஒன்று கேட்டாள். புதிதாக வடிகட்டிய கரைசலைத் தன் உடம்பிலேயே மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். முன்பு திரண்டது இப்போது திரளவில்லை என்று காட்டினால் வேலை முடிந்தது. நல்ல யோசனை, தலைவர் உடனே ஒப்புக்கொண்டார். எனக்குத்தான் சங்கடம். திரட்சி ஒரே நாற்காலியில் இரண்டு தடவை உட்காராது. இரண்டாம் படத்திலும் அதே இடத்தில் புள்ளி வந்தால், அதுவும் பெரிதாகி வந்தால், அது என்ன என்று ஸ்கேன் எடுக்கிற பையனுக்கே தெரிந்துவிடும். பிறகு முதல் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்பார்கள்.

தயாரித்தவர் கையால் ஊசியில் ஏற்றக் கூடாது என்பது எங்கள் விதி. தன் சரக்குக்குத் தானே சாதகம் செய்துவிடக் கூடாது அல்லவா. ஆகவே அன்றைக்கு அவள் தன் குப்பியை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்தாள். குளிர்பெட்டியில் மொட்டைக் குப்பிகள் இரண்டாம் தட்டில் இருக்கும். இரண்டு கரைசலும் ஒரே தேநீர் நிறம், கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. அவளுடைய கரைசலைக் கழிவுத் தொட்டியில் ஊற்றினேன். மொட்டையை ஊசியில் ஏற்றி, அவள் குப்பியின் லேபிளை எழுதி ஒட்டி, நர்ஸிடம் கொடுத்தேன். இது உங்கள் கடிதத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் பேனா நின்றுவிட்டது, எழுதிக்கொள்ளுங்கள். குளிர்பெட்டிப் பதிவேட்டில் அன்றைய தேதியில் ஒரு மொட்டைக் குப்பி குறையும். எண்ணிப் பாருங்கள்.

நர்ஸ் ஊசி போடும்போது நான் பக்கத்தில் நின்று தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்க கை ஏங்க்கா இப்படிச் சில்லுனு இருக்கு?" என்று கேட்டு, என் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

மறுநாள் படம் சுத்தமாக வந்தது. மொட்டை எதைப் பிடிக்கப் போகிறது. அவள் படிக்கும் அறைக்குள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "போயிடுச்சுக்கா! திரட்சி போயிடுச்சு!" சாயங்காலம் எல்லோருக்கும் கேக் வெட்டினார்கள். தலைவர், "கைராசின்னா சும்மாவா" என்றார். மறுபடியும் அதே பெயர். நான் ஊற்றிய மொட்டைக்குப் பாராட்டு அவளுக்கு. நான் இதில் என்ன லாபம் கண்டேன் என்று நீங்கள் யோசிப்பீர்கள். அன்றைக்குக் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அதைத்தான் யோசித்தேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில், தேநீர் கொண்டு வந்து வைத்தவளின் கண்களைப் பார்த்து அம்மா, "என்னடி இப்படி மஞ்சளா இருக்கு?" என்றாள். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கல்லீரலுக்குப் பரவிவிட்டிருந்தது. அறுவை மருத்துவர் எங்கள் மருத்துவமனைக்காரர்தான், எனக்கு நன்றாகத் தெரிந்தவர். வராந்தாவில் தம்பிக்குக் கேட்காத தூரத்தில் என்னிடம், "ஆறு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தாகூடக் கத்தி வெச்சிருக்கலாங்க" என்றார். நானும் வருத்தப்பட்டேன். அது நடிப்பு என்று எழுதாதீர்கள். அவளுக்கு இரண்டு மாதம் உடம்பு துடைத்து, தலை வாரி, கஞ்சி ஊட்டியவள் நான்தான். அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை.

ஒரு மதியம் அவள் தன் இரண்டாம் படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். மடிக்கணினியில் கொண்டு போய்க் காட்டினேன். தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கல்லீரல் இவ்வளவு கறுப்பா வராதேக்கா என் துகளுக்கு. இது மொட்டை போட்ட மாதிரில்ல இருக்கு."

எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கப் போகிறது என்றுகூடத் தோன்றியது. அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"கொக்கி எல்லாம் உதிர்ந்திருக்கு. பூச்சை மாத்தினேன் இல்ல, அதுல சரியா ஒட்டலை. என் தப்புதான். நோய் அங்கயே இருந்திருக்கு, என் துகள் அதைப் பார்க்கவே இல்ல." பிறகு என் கையைப் பிடித்தாள். "சார்கிட்டச் சொல்லிடுங்கக்கா. இதை வேற யாருக்கும் போட வேணாம். நம்பி வர்றவங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு காட்டிடும்."

"உன்மேல ஒரு தப்பும் இல்ல. நீ தூங்கு" என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை. அவள் கேட்டபடி தலைவரிடமும் சொன்னேன். சாகப் போகிறவளின் ஆசை, எப்படி மறுப்பது. பரிசோதனையை நிறுத்திவைத்தார்கள். வரிசையில் பெயர் கொடுத்துக் காத்திருந்த நோயாளிகள் அறுபது பேருக்கு மேல் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துகள் தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியாது. பதினொரு நாள் கழித்து, விடிந்து கொஞ்ச நேரத்தில், அவள் போய்விட்டாள். தன் வேலை தோற்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டே போனாள்.

அத்தோடு முடிந்திருக்கும். தலைவர்தான் விடவில்லை. துகள் ஏன் தோற்றது என்று பார்க்கப் பழைய படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நோய் முற்றிய பிறகு எடுத்த படத்தையும் ஏழாம் எண் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்திருக்கிறார். புள்ளி அதே இடத்தில். போன மாதம் மறுபடியும் நாற்பது பேரைக் கூட்டி, அவள் துகள் தோற்கவில்லை, முதல் முறையே, நாலு மில்லிமீட்டரிலேயே காட்டியிருக்கிறது என்று சொன்னார். துகளுக்கு அவள் பெயரையே வைக்கப் போகிறார்களாம். கட்டுரை எழுதுகிறார்கள். வாசலில் அவள் புகைப்படம் மாட்டியாகிவிட்டது; சிரித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் படம் சுத்தமாக வந்ததற்குக் கரைசலை மாற்றியது காரணமாக இருக்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதை யாரும் தோண்டவில்லை.

என்னிடம் எல்லோரும் ரொம்ப நல்லவிதமாகவே நடந்துகொண்டார்கள். கட்டுரையின் முதல் வரைவைத் தலைவர் எனக்கே படிக்கக் கொடுத்தார். ஆறாம் பக்கத்தில், "இந்தப் புள்ளி படித்தவரின் கண்ணுக்குத் தப்பிவிட்டது" என்று இருந்தது. பெயர் போடவில்லை, மரியாதைக்காக. தம்பி அன்று இரவு என் அறைக் கதவைத் தட்டி, "உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. தப்பு யாருக்கும் வரும். நீ மனசுல வெச்சுக்காத" என்றான். சொல்லிவிட்டு என் தலையில் கை வைத்தான், என்னைவிட ஆறு வயது சின்னவன். மறுநாள் மாடிப்படியில் ஏறும்போது, மேலே ஸ்கேன் எடுக்கிற நெட்டைப் பையன் யாரிடமோ பேசுவது கேட்டது. "பூதக்கண்ணாடிக்கு வயசாயிடுச்சுடா. பாவம், சொந்தத் தம்பி பொண்டாட்டியோடதையே பார்க்காம விட்டுடுச்சு." மற்றவன் சிரிக்கவில்லை. த்சொ என்றான்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் பேசாமல் இருந்திருக்கலாம். கவனக்குறைவு, வேலைப் பளு என்று நீங்களே இரண்டு சொல் கண்டுபிடித்து, ஒரு எச்சரிக்கை கொடுத்து, என்னை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பியிருப்பீர்கள். தம்பியோடும் அம்மாவோடும் அதே வீட்டில் தொடர்ந்து இருந்திருக்கலாம். அம்மாவுக்கு மறுபடியும் நான்தான் தைலம் தேய்க்கிறேன். இதை எல்லாம் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் ஒரு முறை வாசித்துப் பார்க்க வேண்டும். குப்பியை மாற்றியது, கரைசலைக் கொட்டியது, கட்டத்தில் குறியிட்டது எல்லாவற்றையும் நான் சொன்னபடியே போடுங்கள், ஒரு சொல்லையும் மென்மையாக்க வேண்டாம். அவளைக் கொன்றது நான் என்று எழுத வேண்டுமானால் அதையும் எழுதுங்கள். ஆனால் கட்டுரையில் ஆறாம் பக்கத்தைத் திருத்தச் சொல்லித் தலைவருக்கு இன்றைக்கே ஆள் அனுப்புங்கள், அது அச்சுக்குப் போவதற்குள். துகள் அவளுடையது, அதை நான் மறுக்கவில்லை. அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்தது நான். என் பெயரை முழுதாகப் போடச் சொல்லுங்கள்.